60 வயதுக்கு மேல் துப்பாக்கிப் பயிற்சி: வகுப்பில் என்ன மாறணும், எது மாறக்கூடாது?

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி பெயரில் ஆடி மாதம் நடக்கும் விழாவில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. ஆனால், இதுபோன்ற மலைப்பகுதிகளில் துப்பாக்கி செய்தியில் அடிபடுவது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகத்தான்: உரிமம் இல்லாத நாட்டுத்துப்பாக்கி. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றி துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தபட்சம் 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை.

சட்டப்படி போக நினைப்பவர்களுக்கு வழி இருக்கிறது. ஆனால், பிள்ளைகள் வேலைக்காக மலையிறங்கிவிட்ட வீடுகளில், மரவள்ளியைப் பன்றியிடமிருந்து காக்க மிஞ்சுவது பெரியவர்கள்தான். அவர்களால் பயிற்சி வகுப்பைத் தாண்ட முடியுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

பயிர் பாதுகாப்புக்காக, முன்பக்கமாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்க ஆயுதச் சட்டத்தில் இடம் உண்டு. இது வேட்டைக்கான அனுமதி அல்ல. வனவிலங்குச் சட்டம் தனி. 2016 ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சியையும், உடல், மனநலம் குறித்த மருத்துவச் சான்றையும் கேட்கின்றன. குறைந்தபட்ச வயது 21. உச்ச வயது வரம்பு இல்லை.

கண், காது, கை

கண்: குறி பார்க்கும்போது துப்பாக்கி முனையில் உள்ள குறிமுனை தெளிவாகத் தெரியணும். 40 வயதுக்கு மேல் முதலில் மங்குவது அந்தக் கிட்டப் பார்வைதான். இரட்டைக் கண்ணாடி போட்டவர் முகவாயைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். குறிமுனை இருக்கும் தூரத்துக்கு ஏற்ற கண்ணாடி, பெரிய இலக்குத் தாள், நல்ல வெளிச்சம் இருந்தாலே பாதி பிரச்சினை தீரும்.

காது: வெடிச்சத்தம் 140 டெசிபெலைத் தாண்டும். காதுக் கவசம் கட்டாயம். ஆனால், ஏற்கெனவே காது மந்தமானவருக்குக் கவசமும் போட்டால் 'நிறுத்து' என்ற குரலே கேட்காது. அதனால் கைச் சைகை, சிவப்புக் கொடி, தோளைத் தொட்டுச் சொல்வது என எல்லாவற்றையும் சுடுவதற்கு முன்பே பழக்கிவிட வேண்டும். சத்தத்தை மட்டும் தடுத்து, பேச்சைக் கேட்கவிடும் மின்னணுக் கவசங்களும் உண்டு.

கை: நடுக்கம், மூட்டுவலி இருந்தால் மேசையில் மணல் மூட்டை வைத்து, உட்கார்ந்து சுடக் கற்றுக்கொடுக்கலாம். 3 மணி நேர வகுப்பை ஒரேயடியாக நடத்தாமல், அரை அரை மணி நேரமாகப் பிரிக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும். முதலில் செய்து காட்டி, பிறகு அவரையே செய்யச் சொல்லணும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அச்சடித்த குறிப்பைவிடப் படம் உதவும்.

எதில் விட்டுக்கொடுக்கக் கூடாது?

சொல்லிக்கொடுக்கும் முறையைத்தான் மாற்றலாம், பாதுகாப்பு விதியை அல்ல. குழல் எப்போதும் ஆபத்தில்லாத திசையில் இருக்கணும். சுடும் நொடி வரை விரல் விசைக்கு வெளியே. மருந்து கெட்டித்த துப்பாக்கி வெடிக்கவில்லை என்றால், உடனே குழலை எட்டிப் பார்க்கக் கூடாது. இலக்கை நோக்கியே பிடித்தபடி குறைந்தது ஒரு நிமிடம் காத்திருக்கணும், தாமதமாக வெடிக்கலாம்.

'நான் 40 வருஷமா சுடறேன், எனக்கே பாடமா?' என்று கேட்பவர்தான் கஷ்டமான மாணவர். பழைய பழக்கத்தை மறக்கவைப்பது, புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினம். அவரை நாலு பேர் முன்னால் அதட்டினால் மறுநாள் வரமாட்டார். தனியாகக் கூப்பிட்டுத் திருத்துவதே பலன் தரும்.

வயதானால் முடியாதா?

உத்தரப் பிரதேசத்தின் ஜோஹ்ரி கிராமத்தில் சந்திரோ தோமர் 65 வயதைக் கடந்த பிறகுதான் துப்பாக்கியைத் தொட்டார். பேத்தியைப் பயிற்சிக்கு அழைத்துப் போன இடத்தில் தானும் கற்று, பல பதக்கங்கள் வென்றார். சுவீடனின் ஆஸ்கர் ஸ்வான் 1920 ஒலிம்பிக்கில் துப்பாக்கிச் சுடுதலில் வெள்ளி வென்றபோது வயது 72.

எப்போது 'போதும்' என்பது?

இவ்வளவு வசதி செய்தும் கொடியைக் கவனிக்காதவர், குழலை அடிக்கடி பக்கத்தில் இருப்பவர் பக்கம் திருப்புபவர் இருந்தால், 'ஐயா, வேண்டாம்' என்று சொல்வதும் பயிற்சியாளரின் வேலைதான். வயதுக்கு மரியாதை என்று சான்றிதழ் கொடுத்துவிட்டால், ஆபத்து அவர் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு.

ஏற்கெனவே உரிமம் உள்ளவர் 70 வயதை எட்டினாலோ, 25 ஆண்டுகள் துப்பாக்கி வைத்திருந்தாலோ, அதை வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க விதிகளில் வழி இருக்கிறது. வாரிசும் தகுதிகளைப் பூர்த்திசெய்து உரிமம் பெற வேண்டும். ஊரில் தாத்தா பெயரில் துப்பாக்கி இருந்தால், அடுத்த முறை போகும்போது அவருடைய பார்வை எப்படி இருக்கிறது என்றும் விசாரித்துப் பாருங்க.