மெட்டுப் போட்டவர் யார்?

மராட்டிய சங்கீத நாடகப் பாடல்கள் இன்றும் கச்சேரி மேடையில் ஒலிக்கின்றன. அவற்றை உருவாக்கியவர்களோ மறதியின் திரைக்குப் பின்னால்.

2024 ஆகஸ்ட் 8 இரவு. கோலாப்பூரின் கேசவராவ் போசலே நாடக அரங்கம் தீப்பிடித்து எரிந்தது. சாகு மகாராஜா காலத்தில் 'பேலஸ் தியேட்டர்' என்ற பெயரில் எழுந்த கட்டடம் அது. விடிந்தால் கேசவராவின் பிறந்தநாள். மகாராஷ்டிரத்துக்கு வெளியே செய்தி படித்த பலருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும்: யார் இந்தக் கேசவராவ்?

கேள்வியில் வியப்பில்லை. மராட்டிய சங்கீத நாடகம் என்றாலே நினைவுக்கு வருபவர் பாலகந்தர்வர்தான். ஸ்திரீபார்ட்டில் அவர் பாடியபோது ரசிகர்கள் விடிய விடிய 'ஒன்ஸ்மோர்' கேட்டார்கள். 1964இல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. 1968இல் திறக்கப்பட்ட புனே அரங்கமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தப் புகழுக்கு அவர் முற்றிலும் தகுதியானவர். ஆனால் அந்தப் பொற்காலத்தைப் படைத்தவர் அவர் ஒருவர் மட்டுமல்ல.

1890இல் பிறந்த கேசவராவ், சிறுவனாக இருந்தபோதே 'சாரதா' நாடகத்தின் நாயகி வேடத்தில் பெயர் பெற்றவர். 1908இல், பதினெட்டு வயதுகூட நிரம்பாத நிலையில், ஹூப்ளியில் 'லலிதகலாதர்ஷ்' என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார். 1921 ஜூலையில் திலகர் சுயராஜ்ய நிதிக்காகப் போட்டிக் கம்பெனிகள் இரண்டும் பம்பாயில் ஒரே மேடை ஏறின. நாடகம் 'மானாபமான்'. பாலகந்தர்வர் நாயகி பாமினி. கேசவராவ் நாயகன் தைரியதர். அடுத்த சில மாதங்களிலேயே, 31 வயதில், கேசவராவ் மறைந்தார்.

அந்த 'மானாபமான்' 1911இல் முதன்முதலாக அரங்கேறியது. எழுதியவர் திலகரின் 'கேசரி'யில் பணியாற்றிய காடில்கர். மெட்டமைத்தவர் கோவிந்தராவ் டேம்பே, கோலாப்பூர் ஆர்மோனியக் கலைஞர். அதுவரை நாடகப் பாடல்களில் கீர்த்தன மெட்டுகளும் நாட்டுப்புற மெட்டுகளுமே மிகுதி. டேம்பே வடக்கின் தும்ரிகளின் நெளிவையும் குழைவையும் மராட்டிய வரிகளுக்குள் கொண்டுவந்தார். 1916இல் வந்த 'ஸ்வயம்வர்' நாடகத்துக்கு பாஸ்கர்புவா பக்லே அமைத்த மெட்டுகள், கயால் ராகங்களைச் சாமானிய ரசிகரின் உதட்டில் ஏற்றின. பாலகந்தர்வருக்கு இசை கற்பித்தவரும் அவரே. பின்னாளில் தபலா மேதையாகக் கொண்டாடப்பட்ட அகமத் ஜான் திரக்வாவும் பாலகந்தர்வர் கம்பெனியில் வாசித்தவர்தான்.

பெண் வேடத்தில் ஆண்களே கொடிகட்டிப் பறந்த மேடையில் ஹீராபாய் பரோடேகர் துணிந்து நுழைந்தார். அவர், செங்கல்பட்டுக்கு அருகே சிங்கப்பெருமாள்கோவில் ரயில் நிலையத்தில் 1937இல் உயிர்நீத்த அப்துல் கரீம் கானின் மகள். சகோதர சகோதரிகளுடன் நாடகக் குழு நடத்திய ஹீராபாய்க்கு இசைக் கச்சேரிகள் பெரும்புகழ் தந்தன. நாடகத்துக்கு அவர் செய்த பங்களிப்பு அந்தப் புகழின் நிழலில் மறைந்துவிட்டது.

ஏன் இந்த மறதி? மெட்டமைப்பாளரை ரசிகர்கள் பார்ப்பதில்லை. பக்கவாத்தியக்காரர் மேடைக்கு முன்னே அமர்ந்தாலும் கண்கள் நாயகியின் மீதுதான். இசைத்தட்டும் பாடியவர் பெயரைச் சொல்லியே விற்றது. பிறகு பேசும்படம் வந்தது. கம்பெனிகள் ஒவ்வொன்றாய்ச் சரிந்தன. டேம்பே 1932இல் 'அயோத்யேசா ராஜா' படத்துக்கு இசையமைத்து, அதில் அரிச்சந்திரனாகவும் நடித்தார். அறுபதுகளில் ஜிதேந்திர அபிஷேகி 'மத்ஸ்யகந்தா', 'கட்யார் காள்ஜாத் குஸலீ' போன்ற நாடகங்களின் இசையால் இக்கலைக்குப் புத்துயிர் ஊட்டினார். ஆனால் பழைய கம்பெனிகளின் காலம் திரும்பவில்லை.

பாடல்கள் மட்டும் பிழைத்துக்கொண்டன. இந்துஸ்தானி கச்சேரிகளில், குறிப்பாக மகாராஷ்டிரத்தில், கனமான ராகங்களுக்குப் பிறகு 'நாட்டிய சங்கீத'ப் பாடல் ஒன்றைக் கேட்கலாம். அதைப் பாடிப் பிரபலமாக்கிய பாலகந்தர்வரை அவையோர் நினைத்துக்கொள்வார்கள். மெட்டுப் போட்டவர் டேம்பேயா பக்லேயா என்று அறிவிக்க அரை நிமிடம்கூட ஆகாது.

எரிந்த அரங்கத்தை மீண்டும் கட்டுவோம் என்று மாநில அரசு அறிவித்தது. கல்லும் மரமும் விலைக்குக் கிடைக்கும். விலையே இல்லாத அந்த அரை நிமிடத்தைத் தர வேண்டியவர்கள் பாடகர்களும் ரசிகர்களும்தான்.