கராஜில் காற்றழுத்தி: மின்னிணைப்பும் அயலவர் அமைதியும்

வாகனச் சக்கரங்களுக்குக் காற்று நிரப்பவும் வர்ணம் தெளிக்கவும் கம்ப்ரசர் எனப்படும் காற்றழுத்தியைத் தமது கராஜில் வைத்துக்கொள்ள விரும்பும் வதிவோர் முதலில் கவனிக்கவேண்டியது அதன் விலையையோ கொள்கலனின் அளவையோ அன்று. மின்வயரின் முனையிலுள்ள பிளக்கையே.

நியூ சவுத் வேல்ஸ் வீடுகளிலுள்ள சாதாரண மின்குதைகள் 10 ஆம்பியருக்கானவை. 230 வோல்ட்டில் அவை ஏறத்தாழ 2,300 வாட் வரையே தாங்கும். பெரிய காற்றழுத்திகள் பல 15 ஆம்பியர் பிளக்குடன் வருகின்றன. அதன் எர்த் முனை மட்டும் அகலமானது. ஆதலால் சாதாரணக் குதைக்குள் நுழையாது. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் 15 ஆம்பியர் பிளக் முழுவதுமே பருத்திருப்பதால் வேறுபாடு உடனே புலப்படும். இங்கோ முதற்பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். அகன்ற முனையை அரத்தால் தேய்த்து நுழைப்பவர்களும் உளர். அது வீட்டிற்குத் தீ வைப்பதற்கு ஒப்பானது. பல வீடுகளில் குதைச் சுற்றின் பிரேக்கர் 16 அல்லது 20 ஆம்பியருக்கானது. எனவே 15 ஆம்பியர் தொடர்ந்து பாய்ந்தாலும் பிரேக்கர் விழாது. குதையும் அதன் பின்னுள்ள இணைப்புகளும் சூடேறிக்கொண்டேயிருக்கும்.

உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு மின்பலகையிலிருந்து தனிச் சுற்று ஒன்றை அமைத்து, 15 ஆம்பியர் குதையைப் பொருத்துவதே முறையான வழி. வேலை எத்துணைச் சிறிதாயினும், உரிமமின்றி வீட்டு வயரிங்கைத் தாமே செய்வது இம்மாநிலத்தில் சட்டவிரோதமாகும். பணி முடிந்ததும் மின்வேலைக்கான இணக்கச் சான்றிதழைக் கேட்டுப் பெறுங்கள். கராஜின் சுற்றுக்கும் 30 மில்லிஆம்பியர் பாதுகாப்பு ஆளி உள்ளதா என்பதை அவ்வேளையிலேயே பார்க்கச் சொல்லுங்கள். வாடகை வீடாயின், உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே தேவை.

குதை தொலைவிலிருந்தால் நீண்ட எக்ஸ்டென்ஷன் வயரை நாடவேண்டாம். மோட்டார் புறப்படும் கணத்தில் வழமையைவிடப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். மெல்லிய நீள வயரில் மின்னழுத்தம் வீழ்ந்து, மோட்டார் முனகி, நாளடைவில் கருகிவிடும். அதற்குப் பதிலாகக் காற்றுக்குழாயை நீட்டிக்கொள்ளலாம்.

இயந்திரத்தைச் சமதரையில், சுவரிலிருந்து சற்று விலக்கி, இறப்பர் விரிப்பின்மீது வையுங்கள். அழுத்த ஆளி இயங்கும்போது தீப்பொறி தோன்றக்கூடும். ஆகவே பெற்றோல், தின்னர் ஆகியவற்றின் ஆவி அங்கே தேங்கலாகாது. பயன்படுத்திய ஒவ்வொரு நாளும் கொள்கலனின் அடித்திருகைத் திறந்து நீரை வடித்துவிடுங்கள். உள்ளே தேங்கும் நீர் உருக்கை அரித்துவிடும். அரித்த கொள்கலன் அழுத்தத்தில் வெடிக்கும். பாதுகாப்பு வால்வை அடைப்பதோ மாற்றி முடுக்குவதோ ஒருபோதும் கூடாது.

ஒலி குறித்தே எமது சபைக்கு முறைப்பாடுகள் வருவதுண்டு. மாநில விதிகளின்படி, அயல்வீட்டாரின் அறைகளுக்குள் கேட்குமளவில் காற்றழுத்தியை இரவு 8 மணிக்குப் பின்னரும் காலை 7 மணிக்கு முன்னரும் இயக்கலாகாது. ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் காலை 8 மணிவரை பொறுத்திருக்கவேண்டும். இதில் பலர் எண்ணிப்பாராத ஒன்று உண்டு. குழாயில் சிறு கசிவு இருப்பின், அழுத்தம் குறைந்ததும் இயந்திரம் நள்ளிரவிலும் தானாகவே உறுமத் தொடங்கும். எனவே வேலை முடிந்ததும் சுவர் ஆளியை அணைத்துவிடுங்கள்.

இவை தொடர்பாகச் சபை அலுவலருடன் தமிழில் உரையாட விரும்புவோர், 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவை இலக்கத்தை அழைத்து, எம்முடன் இணைக்குமாறு கோரலாம்.