போக ஒரு நேரம், வர ஒரு நேரம்

நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 5,550 கிலோமீட்டர். எந்தப் பக்கமிருந்து அளந்தாலும் தூரம் மாறாது. நேரம் மட்டும் மாறும். நியூயார்க்கிலிருந்து லண்டன் போவதைவிட, அங்கிருந்து திரும்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது.

பூமி சுழல்வதால்தான் இப்படி என்று பலர் நினைக்கிறார்கள். பூமி சுழல்வது மேற்கிலிருந்து கிழக்காக. அந்தக் கணக்குப்படி பார்த்தால், லண்டனிலிருந்து மேற்கே பறப்பவருக்கு நியூயார்க் எதிர்கொண்டு வர வேண்டும். பயணம் சீக்கிரம் முடிய வேண்டும். நடப்பதோ நேர்மாறு. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுழல்வதால், தரை மட்டும் தனியாக நகர்ந்து உதவுவதில்லை.

உண்மைக் காரணம், ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் ஜெட் காற்று. வெப்பமண்டலத்துச் சூடான காற்றுக்கும் துருவத்துக் குளிர்ந்த காற்றுக்கும் இடையே உயரத்தில் அழுத்த வேறுபாடு உண்டாகிறது. அதனால் வடக்கு நோக்கி நகரும் காற்றைப் பூமியின் சுழற்சி வலப்பக்கம் திருப்பிவிட, அது கிழக்கு நோக்கிப் பாய்கிறது. குளிர்காலத்தில் வெப்பநிலை வேறுபாடு கூடுவதால் வேகமும் கூடும். சில நாள் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும்.

1920களில் ஜப்பானிய வானிலையாளர் வசபுரோ ஓஇஷி, பலூன்களைப் பறக்கவிட்டு இந்தக் காற்றை அளந்தார். முடிவுகளை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டதால் வெளியுலகில் அதிகம் பேர் கவனிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானுக்கு மேலே பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கித் திணறின.

2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. தரையை வைத்துக் கணக்கிட்டால் அதன் உச்ச வேகம் மணிக்கு சுமார் 1,327 கிலோமீட்டர். கடல் மட்டத்தில் ஒலியின் வேகமே 1,225தான். ஆனாலும் அது ஒலித்தடையை உடைக்கவில்லை. ஆற்றோட்டத்தோடு போகும் படகைப் போல, சுற்றியிருந்த காற்றோடு ஒப்பிட்டால் விமானம் வழக்கமான வேகத்தில்தான் பறந்தது.

போகும்போது காற்று தந்ததை வரும்போது பிடுங்கிக்கொண்டால் கணக்கு நேராகிவிடாதா? ஆகாது. மணிக்கு 900 கிலோமீட்டரில் பறக்கும் விமானத்துக்கு 5,500 கிலோமீட்டர் போய்வர, காற்றே இல்லையென்றால் 12 மணி 13 நிமிடம் ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று வீசினால் போக ஐந்தரை மணி, திரும்ப 6 மணி 52 நிமிடம். மொத்தம் 12 மணி 22 நிமிடம். எதிர்காற்றில் வேகம் குறைவதால் அதில் சிக்கிக் கிடக்கும் நேரம் நீள்கிறது. ஆகவே வரவைவிடச் செலவுதான் எப்போதும் அதிகம்.

இந்தக் கணக்குதான் இப்போது கவலை தருகிறது. கரியமில வாயு இரட்டிப்பானால் அட்லாண்டிக்கின் குளிர்கால ஜெட் காற்று வலுக்கும் என்று ரீடிங் பல்கலைக்கழகத்தின் பால் வில்லியம்ஸ் 2016இல் கணித்தார். லண்டன்–நியூயார்க் போய்வர 1 நிமிடம் 18 விநாடி கூடும். ஒரு பயணிக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் அட்லாண்டிக்கைக் கடக்கும் எல்லா விமானங்களுக்கும் கூட்டினால், ஆண்டுக்குச் சுமார் 2,000 மணி நேரக் கூடுதல் பறப்பு, 70,000 டன் கூடுதல் கரியமில வாயு.