சிமென்ட் பால் கொப்பளிக்குது, ஓடி வாங்க!

போர் போடும் ரிக் வண்டி தெருவுக்குள் நுழைந்துவிட்டால் அன்றைக்கு யாருக்கும் தூக்கம் கிடையாது. சத்தம் தாங்காமல் சண்டைக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரர்கூட ஐந்தே நிமிடத்தில் நாற்காலி கேட்டு உட்கார்ந்துவிடுவார். வேடிக்கை பார்க்கிறவர்கள் எல்லாரும் முன்னால் நிற்பார்கள். நீங்கள் என்னோடு வாருங்கள், ரிக்குக்குப் பின்பக்கம். விஷயமே அங்கேதான்!

ராடு ஒவ்வொன்றாக இறங்க, அடியில் இருக்கும் ஹேமர் காற்றழுத்தத்தில் பாறையை நொறுக்குகிறது. நொறுங்கியதை அதே காற்று மேலே ஊதித் தள்ளுகிறது. திருச்செங்கோட்டு வண்டி டிரைவருக்கு அந்தத் தூள் போதும். ஒரு கை அள்ளி விரலில் நசுக்கி, "இன்னும் மண்ணுதானுங்க, கேசிங் பைப் இறங்கட்டும்" என்பார். சிவப்பு மாறி வெளுத்த தூள் வந்தால் பாறை தட்டிவிட்டது. தமிழ்நாட்டில் முக்கால்வாசி நிலம் கடினப் பாறைதான். தண்ணீர் இருப்பது அதன் வெடிப்புகளில், ரிக்காரர் பேச்சில் 'கேப்'. திடீரென்று புழுதி அடங்கும். ஈரம்! "கேப் விழுந்திருச்சுங்க!" என்று குரல் கேட்கும்போதே போரிலிருந்து தண்ணீர் பீறிட்டு, எல்லார் சட்டையும் நாசம். வீட்டம்மா கற்பூரத்தோடு ஓடி வருவார்.

வந்தவர் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டுமே. "ஏனுங்க, சிமென்ட் பாலாட்டம் இருக்குது, இதையா குடிக்கிறது?"

பயப்பட ஒன்றுமில்லை. அது அரைபட்ட பாறைத் தூள். உங்கள் போரில் கருஞ்சாம்பல் நிறத்தில் வருவது பெரும்பாலும் சார்னோக்கைட் பாறையாக இருக்கலாம். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல்லும் அதே இனம்தான், நம் பல்லாவரத்துப் பக்கத்துக் கல். அப்படிப்பட்ட ராஜகல்லைத்தான் நீங்கள் சாக்கடையில் விட்டுக்கொண்டிருக்கிறீர்கள்!

விடத்தான் வேண்டும். ஆனால் இங்கேதான் பலர் சொதப்புகிறார்கள். மீட்டர் ஓடுகிறதே என்று கம்ப்ரஸரைச் சீக்கிரம் நிறுத்தச் சொல்லி, அன்றே மோட்டாரை இறக்கிவிடுவார்கள். தூள் மோட்டார் பம்பின் இம்பெல்லரைத் தின்றுவிடும். கம்ப்ரஸர் காற்றிலேயே தண்ணீர் ஓரளவு தெளியும்வரை ஃப்ளஷ் செய்யச் சொல்லுங்கள். மோட்டாரைப் போரின் அடியைத் தொடாமல் பல அடி மேலேயே தொங்கவிடுங்கள். முதல் சில நாள் கேட் வால்வைக் கொஞ்சமாகத் திறந்து தண்ணீரைத் தென்னைக்கு விடுங்கள். சம்ப்புக்கு இப்போதைக்கு வேண்டாம்.

அப்படியும் நிறம் போகவில்லையா? இனிதான் எனக்குக் கொண்டாட்டம். ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க ஜன்னலில் வையுங்கள். காலையில் அடியில் வண்டல், மேலே தெளிவு என்றால் தூள்தான், இன்னும் ஓடவிடுங்கள். பிடிக்கும்போது பளிங்கு மாதிரி இருந்து, விடிந்ததும் பழுப்பாக நின்றால் இரும்பு! ஆழத்தில் காற்றுப் படாமல் கரைந்து கிடந்த இரும்பு, மேலே வந்து ஆக்சிஜன் பட்டதும் துருவாகிறது. சந்தேகமா? அந்தத் தண்ணீரில் கட்டன் டீ போடுங்கள். தேயிலைத் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து டம்ளரில் மசி! விருந்தாளிக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

இரும்புக்கு வைத்தியம் காற்றேதான். தொட்டியில் விழும் குழாயின் முனையில் ஒரு பழைய ஷவரை மாட்டி, தண்ணீரைத் தூறலாக விழவிட்டு, ஒரு நாள் தெளியவைத்து, மணல் வடிகட்டி வழியாக எடுத்தால் பெரும்பகுதி நின்றுவிடும். மழை பெய்த மறுநாள் மட்டும் செந்நிறம் வருகிறதென்றால் கதையே வேறு: கேசிங் பாறையில் சரியாக உட்காரவில்லை, மேல்மண் இறங்குகிறது. அதற்குப் போர் போட்டவரைத்தான் மறுபடி கூப்பிட வேண்டும். எந்த ஃபில்டரும் உதவாது. வெறும் களிமண் கலங்கலுக்கு என்றால் குடத்தின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசிவைத்த பாட்டிகளின் வழி இன்றைக்கும் செல்லும். கிருமிக்கு அது போதாது, கொதிக்கவையுங்கள்.

தெளிந்தபின் போருக்குள் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றுவார்கள். தெளிந்த தண்ணீர் அப்போது மறுபடி சிவக்கலாம். அலறாதீர்கள்! மிச்சமிருந்த இரும்பைக் குளோரின் வெளியே இழுக்கிறது, அவ்வளவுதான். வாசனை போகும்வரை ஓடவிட்டு, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி கொண்டுபோங்கள். இந்தியத் தரத்தில் இரும்புக்கு எல்லை லிட்டருக்கு 1 மில்லிகிராம். கலங்கலுக்கு 1 என்.டி.யூ., வேறு வழியில்லை என்றால் 5 வரை. கிருமிச் சோதனைக்குக் கிருமி நீக்கிய தனி பாட்டில் வேண்டும். அங்கேயே கேட்டு வாங்குங்கள். அதை வழியில் திறந்து முகர்ந்து மட்டும் பார்க்காதீர்கள். ஆவல் தாங்காதுதான், எனக்குத் தெரியும்!