களை சாகவில்லையா? தண்ணீரைப் பாருங்கள்

மருந்தடித்துப் பதினைந்து நாளாகியும் வரப்பில் கோரையும் அருகும் பச்சையாகவே நிற்கின்றன. உடனே பழி சொல்ல ஆள் தேடுகிறோம். கடைக்காரர் போலி மருந்தைத் தந்துவிட்டார் என்போம். கூலிக்கு அடிக்க வந்தவர் தண்ணீரைக் கூட்டிக் கலந்துவிட்டார் என்போம். கம்பெனி மருந்தே முன்போல் இல்லை என்போம். இவற்றில் ஏதாவது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அடித்தவரின் கூலியைப் பிடித்து வைப்பதற்கு முன் டேங்கில் ஊற்றிய தண்ணீரையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை, பருப்பு லேசில் வேகுவதில்லை. பள்ளிவாசலில் ஒளூச் செய்யும் குழாயடியில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. பாறையிலிருந்து கரைந்து வரும் கால்சியமும் மக்னீசியமும்தான் இதற்குக் காரணம். இத்தகைய நீரைக் கடின நீர் என்கிறோம். நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்ய முடியாது. கரிக்காத தண்ணீரும் கடினமாக இருக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது.

கிளைபோசேட், 2,4-டி போன்ற களைக்கொல்லிகள் தண்ணீரில் கரைந்ததும் எதிர்மின் தன்மை பெறுகின்றன. கால்சியமும் மக்னீசியமும் நேர்மின் தன்மை கொண்டவை. இரண்டும் டேங்குக்குள்ளேயே ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. இலையின் மேல் மெழுகுப் படலம் ஒன்று உண்டு. மருந்து அதைக் கடந்து உள்ளே போய், சாறோடு சாறாக வேர்க்கிழங்கு வரை இறங்கினால்தான் கோரை சாகும். கால்சியத்தோடு பிணைந்த மருந்து அந்தப் படலத்தை எளிதில் கடப்பதில்லை. இலை மேலேயே காய்ந்து கிடக்கிறது. 2,4-டி இன்னொரு தொல்லையும் தரும்: கடின நீரில் எளிதில் கரையாத கால்சிய உப்பாகித் திரிந்து, நாசிலை அடைத்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீர் 10 லிட்டரில், சுண்ணாம்புக் கணக்கில் 6 கிராம் இருக்கிறது. அந்த டேங்கில் 41 சத கிளைபோசேட் 100 மில்லி ஊற்றினால், ஏறத்தாழ அதில் கால் பங்கைப் பிடித்து வைக்க இந்த 6 கிராம் போதும். காசை மிச்சம் பிடிக்க 50 மில்லி மட்டும் ஊற்றினால் பாதியே போய்விடும். மருந்தைக் குறைக்கும்போதுதான் தண்ணீரின் கெடுதல் நன்றாக வெளியே தெரிகிறது.

இதற்கு நம்மவர்கள் கண்ட வைத்தியம் மருந்தைக் கூட்டுவது. களை செத்தும் போகலாம். ஆனால் கூடுதல் மருந்துக்குப் பணம் போகிறது. முதுகில் டேங்கைச் சுமப்பவரின் உடம்பில் கூடுதல் விஷம் படுகிறது. சோப்புத் தூள் போடுவது இன்னொரு பழக்கம். அது மருந்தை இலையில் பரவச் செய்யுமே தவிர, கால்சியத்தை நீக்காது.

சரியான வழி எளியது, மலிவானதும்கூட: அம்மோனியம் சல்பேட் உரம். லிட்டருக்கு 20 கிராம், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 200 கிராம். இதிலுள்ள சல்பேட் கால்சியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. விடுபட்ட மருந்தோடு அம்மோனியம் சேர்கிறது. அந்தக் கூட்டு இலைக்குள் நன்றாக இறங்கும். ஆனால் வரிசை முக்கியம். முதலில் உரத்தைத் தண்ணீரில் முழுவதும் கரைத்து, துணியில் வடிகட்டி, அதன் பிறகே மருந்தை ஊற்ற வேண்டும். மருந்தை ஊற்றிவிட்டுக் கடைசியில் உரத்தைப் போட்டால், அதற்குள் கால்சியம் தன் வேலையைத் தொடங்கியிருக்கும். மருந்து லேபிளில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் லேபிள்படியே செய்யுங்கள்.

எல்லா மருந்துக்கும் இது தேவையில்லை. களை முளைக்குமுன் மண்ணில் அடிக்கும் பென்டிமெத்தலின், நெல் வயலில் போடும் பியூட்டாகுளோர் போன்றவை இப்படி மின்தன்மை பெறுவதில்லை. கடின நீர் அவற்றை அவ்வளவாகப் பாதிப்பதும் இல்லை. கடைக்காரர் எல்லாவற்றோடும் ஒரு பொட்டலம் சேர்த்துக் கொடுத்தால் எதற்கு என்று கேளுங்கள்.

கடின நீருக்குப் பயந்து வாய்க்காலின் கலங்கல் தண்ணீரை மொள்வதும் சரியல்ல. கிளைபோசேட் களிமண் துகளிலும் ஒட்டிக்கொள்ளும். இருப்பதில் சிறந்தது மழைநீர். இரண்டு பிளாஸ்டிக் பீப்பாயில் பிடித்து மூடி வைத்தால் ஓரிரு ஏக்கர் வரப்புக்குப் போதும். துத்தநாகம் பூசிய இரும்புத் தொட்டியில் மட்டும் கிளைபோசேட்டைக் கலக்கவோ வைக்கவோ கூடாது. தீப்பற்றும் வாயு உண்டாகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2022 அக்டோபரில் வந்த மத்திய அரசு அறிவிக்கைப்படி, கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே அடிக்கலாம். ஆகவே அதை நாமே வாங்கி அடிப்பதற்கான யோசனையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். உரிமம் பெற்றவர் வரும்போது எந்தத் தண்ணீரில் கலக்கிறார் என்று கேட்க இது உதவும். 2,4-டி அடிப்பவர்கள் காற்றில்லாத வேளை பார்த்து அடிக்க வேண்டும். பக்கத்து வயலில் பருத்தி, தக்காளி, வெண்டை இருந்தால் சாரல் பட்டே இலை சுருண்டுவிடும். அண்டை வீட்டாரோடு மனஸ்தாபம்தான் மிச்சம்.

தண்ணீரைச் சோதிக்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. இரண்டு ஒரே அளவுப் பாட்டிலில் ஒன்றில் மழைநீர், மற்றதில் போர்த் தண்ணீர் பாதியளவு ஊற்றி, குளியல் சோப்பைச் சீவி ஒரே அளவு போட்டுக் குலுக்குங்கள். சலவைத் தூள் வேண்டாம். அது கடின நீரிலும் நுரைக்கும். போர்த் தண்ணீரில் நுரை எழாமல் தயிர்போல் திரிந்தால் கடினம் என்று தெரிந்துகொள்ளலாம். சரியான அளவு தெரிய வேண்டுமானால், வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரையும் சோதித்துத் தருவார்கள். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு மூன்று முறை அலசிய பின் பிடித்துக் கொண்டு போங்கள்.