மூளைச் சிரையில் உறையும் ரத்தம்

மூளைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி அடைபட்டால் வருவது, பலருக்கும் தெரிந்த பக்கவாதம். வந்த ரத்தத்தை மூளையிலிருந்து இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் சிரைகளும் அடைபடுவதுண்டு. மண்டையோட்டின் உள்பக்கம், உச்சியின் நடுவே முன்னிருந்து பின்னாக ஓடும் பெரிய சிரைக்குழாய் இந்த அடைப்புக்கு அதிகம் உள்ளாகும் இடங்களில் ஒன்று. வடிகால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் எதிர்த்து வீட்டுக்குள் ஏறுவதைப் போல, ரத்தம் தேங்கி மண்டைக்குள் அழுத்தம் கூடுகிறது. தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் வருகின்றன. அழுத்தம் இன்னும் ஏறினால் சிறு நாளங்கள் கசிந்து மூளைத் திசுவுக்குள் ரத்தம் பரவும். வலிப்பு வரும், ஒரு பக்கக் கைகால் செயலிழக்கும்.

தமனி அடைப்பு பெரும்பாலும் முதியவர்களைத் தாக்குகிறது. சிரை அடைப்பு இளம் வயதினரின் நோய். மருத்துவ நூல்களில் இதன் முதல் விவரிப்பு 1825இல் பிரான்சின் மருத்துவர் ரீப் எழுதியது. மூன்றாண்டு கழித்து, பிரசவித்த ஒரு பெண்ணுக்கு இது வந்ததை ஸ்காட்லாந்தின் மருத்துவர் அபர்குரோம்பி பதிவு செய்தார். அந்தக் காலத்தில் நோயாளி இறந்த பிறகு மண்டையைத் திறந்து பார்த்தால்தான் அடைப்பு இருந்தது தெரியும்.

தமிழ்நாட்டில் இந்த நோயைப் பொறுமையாகப் பின்தொடர்ந்தவர் சென்னை நரம்பியல் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தி ஸ்ரீனிவாஸ். கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் மூளையின் சிரையோ தமனியோ அடைபட்ட 135 பெண்களைப் பற்றிய அவருடைய ஆய்வு 1983இல் ‘ஆஞ்சியாலஜி’ இதழில் வெளிவந்தது. மேலைநாட்டு மருத்துவர் ஒருவர் தம் வாழ்நாளில் ஒரு சிலரையே காணக்கூடிய நோய் இது. இத்தனை பேரை ஓரிடத்தில் தொகுத்துப் பார்த்ததுதான் அந்த ஆய்வின் பலம்.

பிரசவத்தை ஒட்டி இது ஏன் வருகிறது? ரத்தப்போக்கைச் சமாளிப்பதற்காகக் கர்ப்பிணியின் உடல் ரத்தத்தின் உறையும் தன்மையைக் கூட்டிவைக்கிறது. பிள்ளை பிறந்த பிறகும் ஏறக்குறைய ஆறு வாரம் அந்த நிலை நீடிக்கும். பிரசவத்தில் ரத்தம் போய், உடலில் நீரும் வற்றினால் ரத்தம் இன்னும் தடிக்கிறது. இந்த இடத்தில்தான் நம் வீடுகளின் பத்தியம் குறுக்கே வந்தது. ‘பச்சை உடம்புக்காரி, தண்ணி நெறையாக் குடிச்சா வயிறு பெருத்துரும், புள்ளைக்குச் சளி புடிக்கும்’ என்று சொல்லித் தாய்க்குத் தண்ணீரை அளந்து கொடுத்த குடும்பங்கள் பல. அக்கறையோடு செய்த தீங்கு அது. ரத்தசோகையும் சேர்ந்துகொண்டால் ஆபத்து கூடியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் இன்னொரு கண்ணியைக் காட்டினார்கள்: பாதிக்கப்பட்ட தாய்மாரின் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்னும் பொருள் அதிகமாகவும், ஃபோலிக் அமிலம் குறைவாகவும் இருந்தன. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தே இருக்கிறது. அதை விடாமல் விழுங்குவது இந்த வகையிலும் காப்பு.

சிகிச்சையில் ஒரு பெரிய தயக்கம் இருந்தது. ஸ்கேனில் மூளைக்குள் ரத்தக் கசிவு தெரியும்போது, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரினை எப்படிக் கொடுப்பது? 1991இல் ஜெர்மனியின் ஐன்ஹாய்ப்ல் குழு வெறும் 20 பேரை வைத்து இதற்கு விடை தேடியது. ஹெபாரின் பெற்ற 10 பேரில் 8 பேர் முழுதாகத் தேறினர், ஒருவரும் சாகவில்லை. போலி மருந்து பெற்ற 10 பேரில் 3 பேர் இறந்தனர், முழுதாகத் தேறியவர் ஒருவரே. ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. கசிவு இருந்த பழைய நோயாளிகளின் பதிவுகளும் ஹெபாரினுக்குச் சாதகமாகவே பேசின. கசிவுக்குக் காரணமே அடைப்பு என்பதால், அடைப்பு வளராமல் தடுத்தால் கசிவும் அடங்குகிறது. இருபது பேரை வைத்துச் செய்த ஆய்வு உலகெங்கும் சிகிச்சையை மாற்றியது அபூர்வம்.

எல்லா ஆய்வும் இப்படிக் கைகொடுக்கவில்லை. சிரைக்குள் குழாய் செலுத்தி ரத்தக்கட்டியை நேரடியாக அகற்றிப் பார்த்த டோ-ஆக்ட் ஆய்வு, வழக்கமான மருந்தைவிடக் கூடுதல் பலன் காட்டவில்லை. செய்ய வேண்டாத ஒன்றைத் தெளிவாகச் சொன்னதும் நோயாளிகளுக்கு லாபம்தான். 21 நாடுகளில் 624 பேரைப் பின்தொடர்ந்து 2004இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் பத்தில் கிட்டத்தட்ட எட்டுப் பேர் நல்லபடி தேறியிருந்தனர். இறந்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர். பக்கவாத வகைகளில் அதிக நம்பிக்கை தருபவற்றில் ஒன்று இது.

நோயாளிகளின் முகமும் மாறிவருகிறது. ஐதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட 428 பேரின் பதிவேட்டில் ஆண்களே பாதிக்குச் சற்று அதிகம். பிரசவத்தை ஒட்டி வந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ரத்தசோகை, கூடிய ஹோமோசிஸ்டீன், மது, கருத்தடை மாத்திரை ஆகியவை முன்னுக்கு வந்திருந்தன.

இந்தப் பட்டியலைத் திருப்பூரில் இருந்துகொண்டு படிப்பவர்களுக்குச் சட்டென்று உறைக்கும். பனியன் கம்பெனிகளின் ஓவர்லாக், செக்கிங், பேக்கிங் வரிசைகளில் இருப்பவர்களில் பெரும்பகுதி இளம் பெண்கள். ஒன்றரை ஷிஃப்ட் என்றால் காலை எட்டரைக்கு உட்கார்ந்தவர் எழுந்து போக இரவு எட்டு ஆகும். எழுந்தால் பீஸ் குறையும், கழிப்பறைக்கு வரிசை நிற்க வேண்டும் என்று பாட்டில் தண்ணீரை அப்படியே திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. அயர்ன் மேசையிலும் சாயப்பட்டறையிலும் ஆவியில் நின்று வியர்த்துவிட்டு, சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் மதுக்கடைக்குப் போகும் ஆண்களும் உண்டு. தண்ணீர்க் குறைவு மட்டும் இந்த நோயைக் கொண்டுவந்துவிடாது. ரத்தசோகை, ஹார்மோன் மாத்திரை, மது ஆகியவற்றோடு சேரும்போதுதான் தடித்த ரத்தம் உறைகிறது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கோடையில் குளிர்ந்த குடிநீர் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. குடிக்க நேரம் கொடுப்பது மேற்பார்வையாளரின் கையில் இருக்கிறது.

மாத்திரை விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போக வேண்டி மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை ஹார்மோன்தான். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கியதைப் பலர் மருத்துவரிடம் சொல்வதே இல்லை. தமிழ்நாட்டின் ஆடை ஆலைகளில் மாதவிலக்கு வலிக்குப் பெயர் ஒட்டாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டதாக 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை எழுதியது. அவை வலி நிவாரணிகள் என்றே சொல்லப்பட்டது. என்றாலும், என்ன விழுங்கினோம் என்பதைச் சொல்ல முடியாத நோயாளியிடம் மருத்துவர் காரணத்தைத் தேடுவது கடினம்.

கண்டுபிடிப்பதில்தான் இன்றும் கோட்டை விடுகிறார்கள். சாதாரண சி.டி. ஸ்கேன் பலருக்கு எந்தக் குறையும் இல்லாததுபோலவே இருக்கும். சிரைகளைக் காட்டும் வெனோகிராம் எடுத்தால்தான் அடைப்பு தெரியும். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்ட பெண்ணுக்குத் தலைவலி வந்தால், அது ஊசியால் வந்தது என்று விட்டுவிடுவதும் நடக்கிறது. ஊசியால் வரும் வலி உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். படுத்த பிறகும் விடாத, நாளுக்கு நாள் ஏறும் தலைவலி வேறு வகை.

பிரசவமாகி ஆறு வாரத்துக்குள்ளோ, ஹார்மோன் மாத்திரை எடுக்கும் நாட்களிலோ இப்படி ஒரு தலைவலி வந்து, கூடவே வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு என ஏதாவது சேர்ந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். 108ஐ அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். விழுங்கிய மாத்திரையின் அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ‘சிரை ஸ்கேன் தேவையா?’ என்று மருத்துவரிடம் கேளுங்கள்.