சிலந்திக் கடியா, பாம்புக் கடியா?

மலேசியாவின் கெடா மாநிலத் தோட்டத்துப் பிள்ளையின் காலில் திடீர் வீக்கம் கண்டால், பழி முதலில் சிலந்தி மேல்தான் விழும். ஆனால் வீட்டுச் சிலந்திகளில் பெரும்பாலானவற்றின் பல் நம் தோலைத் துளைக்கவே திணறும். மண்ணில் வளை தோண்டி வாழும் ரோமச் சிலந்தி வேறு. கடித்த இடம் நெருப்பாய் எரியும். சில வேளை தசை இழுக்கும். பிள்ளையின் உடல் சிறியது, அதே நஞ்சு கூடுதலாக வேலை செய்யும்.

சிலந்திதான் கடித்தது என்று தெரிந்தால், சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனை.

கெடாவில் மலாயா குழிவிரியன் பாம்பும் உண்டு. பல்தடம் ஒன்றுபோலவே தெரியலாம். ஆனால் வீக்கம் ஏறிக்கொண்டே போகும், கொப்புளம் எழும், ரத்தம் நிற்காமல் கசியும். கடித்ததைக் கண்ணால் பார்க்கவில்லையா? பாம்பென்றே கொள்ளுங்கள். ஐஸ் வேண்டாம், காலை அசையாமல் வைத்து 999-ஐ அழையுங்கள்.